பாலும் பரம்பரையும்: ஊட்டத் திட்டங்களுக்கு ஒரு பாடம்

1950-51ஆம் ஆண்டில் நம் நாட்டின் பால் உற்பத்தி ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டன்னாக இருந்தது. 2023-24ஆம் ஆண்டில் அது 23 கோடியே 93 லட்சம் டன்னை எட்டியது. இதே காலத்தில் மக்கள் தொகை சுமார் நான்கு மடங்காகப் பெருகியிருக்க, பால் உற்பத்தியோ பதினான்கு மடங்காக உயர்ந்துள்ளது. 1965இல் ஆனந்த் நகரில் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியம் நிறுவப்பட்டதும், 1970 முதல் 1996 வரை மூன்று கட்டங்களாக 'ஆபரேஷன் பிளட்' என்னும் பால் பெருக்குத் திட்டம் நிறைவேற்றப்பட்டதும் இச்சாதனைக்கு அடிப்படையாயின. 1998இல் உலகின் மிகப் பெரிய பால் உற்பத்தி நாடு என்னும் இடத்தை இந்தியா அடைந்தது. 2023-24இன் கணக்குப்படி தலைக்கு நாளொன்றுக்கு 471 கிராம் பால் கிடைக்கிறது.

தலைக்கு இவ்வளவு என்று கூறும் புள்ளிவிவரம் பயனுள்ளதே. ஆனால் அது சராசரி. சராசரி எதை வெளிப்படுத்துகிறதோ, அதே அளவுக்கு எதையோ மறைக்கவும் செய்கிறது. பால் வாங்கும் சக்தி எல்லாக் குடும்பங்களுக்கும் ஒன்றாக இல்லை என்பதைப் பொருளியல் மாணவர் அனைவரும் அறிவர். ஆனால் வாங்கிய பாலைச் செரிக்கும் ஆற்றலும் எல்லா உடல்களுக்கும் ஒன்றாக இல்லை என்பது திட்டமிடுவோரின் கவனத்துக்கு அவ்வளவாக வருவதில்லை. உற்பத்தி, விலை, வருவாய் ஆகியவற்றுக்கு அப்பால், உண்போரின் குடலுக்குள் நிகழும் மற்றொரு பங்கீடும் உண்டு. அந்தப் பங்கீட்டைத் தீர்மானிப்பது பெரிதும் பரம்பரையே. அதன் இயல்பையும், நம் ஊட்டத் திட்டங்களுக்கு அது கற்பிக்கும் பாடத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பால் சர்க்கரை செரிக்கும் விதம்

பாலில் இயற்கையாக அமைந்துள்ள சர்க்கரைக்கு லாக்டோஸ் என்று பெயர். பசும்பாலில் இது 100 கிராமுக்கு ஏறக்குறைய 5 கிராமும், தாய்ப்பாலில் ஏறக்குறைய 7 கிராமும் உள்ளது. குளுகோஸ், காலக்டோஸ் என்னும் இரு சிறு சர்க்கரைகள் இணைந்து உருவான இரட்டைச் சர்க்கரை இது. இரட்டையாக இருக்கும்வரை இதனைக் குடற்சுவர் உறிஞ்ச இயலாது. முதலில் இரண்டாகப் பிளக்கப்பட வேண்டும். இப்பணியைச் செய்யும் நொதி லாக்டேஸ் ஆகும். சிறுகுடலின் உட்சுவரில் உள்ள உறிஞ்சிகளின் மேற்பரப்பில் அது அமைந்துள்ளது.

லாக்டேஸ் போதிய அளவில் இல்லையெனில் லாக்டோஸ் பிளவுபடாமலே பெருங்குடலைச் சென்றடைகிறது. அங்கு இரண்டு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. முதலாவதாக, கரைந்துள்ள சர்க்கரை தன்னை நோக்கி நீரை ஈர்ப்பதால் கழிவு இளகுகிறது. இரண்டாவதாக, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அச்சர்க்கரையைப் புளிக்கச் செய்து ஹைட்ரஜன் முதலிய வாயுக்களை உண்டாக்குகின்றன. வயிற்று உப்புசம், இரைச்சல், இசிவு வலி, வயிற்றுப்போக்கு ஆகியவை இவற்றின் விளைவுகளே. இவ்வாறு உண்டாகும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து மூச்சில் வெளியேறுகிறது. அதனை அளவிட்டு ஒருவருக்கு லாக்டோஸ் செரிக்கிறதா என்பதை மருத்துவர்கள் கண்டறிகின்றனர்.

இவ்விடத்தில் மூன்று நிலைகளை வேறுபடுத்திக் காண்பது அவசியம். பாலிலுள்ள புரதத்தை உடல் எதிர்ப்பது பால் ஒவ்வாமை. அதற்கும் லாக்டோஸுக்கும் தொடர்பில்லை. கடும் வயிற்றுப்போக்கு நோயால் குடற்சுவர் பழுதுற்று, லாக்டேஸ் தற்காலிகமாகக் குறைவது இரண்டாம் நிலை; நோய் நீங்கிக் குடற்சுவர் தேறும்போது அந்நொதியும் மீள்கிறது. வயது ஏற ஏறப் பரம்பரை விதிப்படி லாக்டேஸ் குறைந்து போவது மூன்றாம் நிலை. இக்கட்டுரை பேசுவது இம்மூன்றாவதைப் பற்றியதாகும்.

நோயா, இயல்பா?

பாலூட்டி விலங்குகள் பெரும்பாலானவற்றில் குட்டிகளுக்கே லாக்டேஸ் நிறைந்திருக்கும். பால்குடி மறந்தபின் அந்நொதி பெரிதும் குறைந்துவிடும். தாய்ப்பாலைத் தவிர வேறெங்கும் லாக்டோஸைச் சந்திக்காத உயிருக்கு அதன்பின் அந்நொதி தேவையில்லை. மனித இனத்திலும் பழைய விதி இதுவே. பெரும்பான்மையான மக்களிடம் பால்குடி மறந்தபின் குழந்தைப் பருவத்திலேயே லாக்டேஸ் குறையத் தொடங்குகிறது. வளர்ந்தபின்னும் அது குறையாமல் நீடிப்பதுதான் பிற்காலத்தில் தோன்றிய மாறுதல். 2017இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் லாக்டோஸை முழுமையாகச் செரிக்க இயலாதவர்கள்.

ஆயினும் நெடுங்காலம் இதற்கு நேர்மாறான கருத்தே மருத்துவ நூல்களில் நிலவியது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்ந்த ஐரோப்பிய வழியினரையே அதிகமாக ஆராய்ந்ததால், பாலைச் செரிப்பதே மனித இயல்பு என்றும் செரிக்காமை குறைபாடு என்றும் கருதப்பட்டது. 1965, 1966 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடைபெற்ற ஆய்வுகள், கறுப்பின மக்களில் பெரும்பான்மையோரிடம் லாக்டேஸ் குறைந்திருப்பதை வெளிப்படுத்தின. அதன்பின் ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்து இத்தகைய முடிவுகள் தொடர்ந்து வந்தன. அளவுகோலை யாரிடமிருந்து எடுத்தோமோ அவரே இயல்பானவராகவும், மற்றவர் குறையுடையவராகவும் தோன்றுவது புள்ளியியலில் அடிக்கடி நேரும் பிழை. அப்பிழையின் விளைவு இன்றும் 'லாக்டோஸ் குறைபாடு' என்னும் சொல்லில் எஞ்சி நிற்கிறது.

மரபணுவில் அமைந்த விசை

லாக்டேஸ் நொதியை உருவாக்கும் குறிப்பு, மனிதரின் இரண்டாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் அடங்கியுள்ளது. பாலைச் செரிப்போரிடமும் செரிக்காதோரிடமும் இந்த மரபணு நல்ல நிலையில்தான் இருக்கிறது. வேறுபாடு நொதியின் அமைப்பில் இல்லை. அதனை எத்தனை காலம் உற்பத்தி செய்வது என்னும் கட்டளையில் இருக்கிறது. ஆலை ஒன்றே, ஒருவரிடம் அது சில ஆண்டுகளில் மெல்ல மூடப்படுகிறது, மற்றவரிடம் ஆயுள் முழுவதும் இயங்குகிறது.

இது பரம்பரையாக வருகிறது என்பதை, 1973இல் பின்லாந்து நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்த அறிஞர்கள் நிறுவினர். கட்டளை எங்கே எழுதப்பட்டுள்ளது என்பது 2002இல் அதே நாட்டு ஆய்வாளர்களால் கண்டறியப்பட்டது. லாக்டேஸ் மரபணு தொடங்கும் இடத்துக்கு 13,910 எழுத்துகள் முன்னால், 'எம்.சி.எம்.6' என்னும் அண்டை மரபணுவின் உள்ளே, ஓர் எழுத்து மட்டும் மாறியிருந்தது. அவ்விடத்தில் சைட்டோசின் இருப்பின் லாக்டேஸ் வயதோடு குறைகிறது. தைமின் இருப்பின் அது நீடிக்கிறது. வசதி கருதி முன்னதைச் 'சி' வடிவம் என்றும் பின்னதை 'டி' வடிவம் என்றும் இங்குக் குறிப்பிடுவோம். அப்பகுதி ஒரு விசையைப் போன்றது. மரபணுவை இயக்கும் புரதங்கள் அங்கு வந்து பற்றுகின்றன. டி வடிவத்தை அவை உறுதியாகப் பற்றுவதால் மரபணு அணையாமல் இருக்கிறது.

ஒவ்வொருவருக்கும் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று டி வடிவமாக இருந்தாலே போதும், லாக்டேஸ் நீடிக்கும். அதாவது டி ஓங்கு தன்மையுடையது. சி ஒடுங்கு தன்மையுடையது. தாயும் தந்தையும் பாலைத் தாராளமாக அருந்துவோராக இருந்தும், இருவரிடமும் டி ஒன்று, சி ஒன்று என்று இருக்குமாயின், அவர்களுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பிரதிகளும் சி ஆக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத வழக்கம் இவனுக்கு எங்கிருந்து வந்தது?' என்று பெற்றோர் வியப்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. பாலைக் கண்டு முகம் சுளிக்கும் பிள்ளை பிடிவாதக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

உலகில் எங்கும் ஒரே எழுத்து மாறுதல்தான் நிகழ்ந்தது என்று எண்ணலாகாது. கென்யா, தான்சானியா நாடுகளின் மேய்ச்சல் மக்களிடம் அதே விசைப் பகுதியில் வேறோர் எழுத்து மாறியிருப்பது 2007இல் வெளியிடப்பட்டது. அரேபியாவில் மற்றொன்றும், சூடான், எத்தியோப்பியா பகுதிகளில் இன்னொன்றும் காணப்படுகின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பின்றிப் பல இடங்களில் ஒரே பயனைத் தரும் மாறுதல் தோன்றிப் பரவியது என்பது, கால்நடை வளர்ப்பு மனித உடலின் வரலாற்றையே திருப்பியது என்பதற்குச் சான்றாகும்.

ஒரு சிறு கணக்கு

மரபணு விகிதத்துக்கும் மக்கள் விகிதத்துக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக உணர்வது நல்லது. ஒரு சமுதாயத்தில் டி வடிவத்தின் பங்கு 20 விழுக்காடு என்று கொள்வோம். அப்போது சி வடிவத்தின் பங்கு 80 விழுக்காடு. ஒருவரிடம் இரண்டு பிரதிகளும் சி ஆக அமையும் வாய்ப்பு 0.80 பெருக்கல் 0.80, அதாவது 0.64. எனவே அச்சமுதாயத்தில் 64 விழுக்காட்டினர் லாக்டேஸ் குறைவோர்; 36 விழுக்காட்டினர் லாக்டேஸ் நீடிப்போர். டி வடிவம் 50 விழுக்காடாக இருந்தால் குறைவோர் 25 விழுக்காடு மட்டுமே.

இக்கணக்கை எதிர்த்திசையிலும் போடலாம். 1981இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, திருவனந்தபுரம், பாண்டிச்சேரி ஆகிய இரு தென்னக மையங்களில் பரிசோதிக்கப்பட்டோரில் 66.6 விழுக்காட்டினருக்கும், புதுதில்லியில் பரிசோதிக்கப்பட்டோரில் 27.4 விழுக்காட்டினருக்கும் லாக்டோஸ் ஏற்கவில்லை என்று கண்டது. 0.666இன் வர்க்கமூலம் 0.816, ஆகவே தென்னக மையங்களில் டி வடிவத்தின் பங்கு சுமார் 18 விழுக்காடு என்று ஊகிக்கலாம். 0.274இன் வர்க்கமூலம் 0.523, தில்லியில் அப்பங்கு சுமார் 48 விழுக்காடு ஆகிறது.

இது வழிகாட்டும் கணக்கேயன்றி முடிந்த முடிவன்று. திருமணங்கள் சமூக எல்லைகளைக் கடந்து தடையின்றி நிகழ்கின்றன என்னும் அனுமானம் இதில் உள்ளது. நம் நாட்டு நிலை அதற்கு மாறானது. பரிசோதனை அளப்பது செரிமானத்தையே தவிர மரபணுவை நேராக அன்று. ஒரு சில நகரங்களில் பரிசோதிக்கப்பட்டவர்கள் முழு மாநிலத்துக்கும் பிரதிநிதிகளாக மாட்டார்கள். எனினும் ஓர் உண்மை தெளிவாகிறது: நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறியதன்று.

இந்தியாவின் வரைபடம்

மரபணுவை நேராக ஆராய்ந்த விரிவான இந்திய ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. துணைக் கண்டத்தின் பல பகுதிகளைச் சேர்ந்த 2,284 பேரின் மாதிரிகள் அதில் ஆராயப்பட்டன. மூன்று முடிவுகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவதாக, இந்தியாவில் லாக்டேஸ் நீடிப்புக்குக் காரணமான மாறுதல் ஏறக்குறைய முழுவதும் அந்த 13,910ஆம் இடத்து டி வடிவமே. சிந்துவெளிப் பகுதியில் திமிலுடைய மாடு ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் தனியாகவே பழக்கப்பட்டது என்பதால், பாலைச் செரிக்கும் மாறுதலும் இங்குத் தனியாகத் தோன்றியிருக்கலாம் என்னும் எதிர்பார்ப்பு இருந்தது. அவ்வெதிர்பார்ப்பு மெய்ப்படவில்லை. இந்தியரிடம் உள்ள டி வடிவமும் ஐரோப்பியரிடம் உள்ள டி வடிவமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்பதை, அதைச் சூழ்ந்துள்ள நீண்ட மரபுத் தொடர் காட்டியது.

இரண்டாவதாக, டி வடிவத்தின் பங்கு வடமேற்கில் உயர்ந்தும் தென்கிழக்கு நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் காணப்படுகிறது. வடகிழக்கு மாநிலங்களிலும், மத்திய, கிழக்கு இந்தியாவின் பல பழங்குடிச் சமூகங்களிலும் அது மிக அரிதாகவே உள்ளது.

மூன்றாவதாக, அருகருகே வாழும் சமூகங்களுக்கிடையிலும் பெரும் வேறுபாடு இருக்கக்கூடும். நீலகிரியில் எருமை வளர்ப்பையே வாழ்க்கையின் மையமாகக் கொண்ட தோடர், தென்கோடியில் வாழ்ந்தபோதிலும், டி வடிவத்தை மிக உயர்ந்த அளவில் பெற்றுள்ளனர். எனவே 'வடக்கு செரிக்கும், தெற்கு செரிக்காது' என்னும் எளிய சூத்திரம் பயன்படாது. மாநிலச் சராசரியும் தேசியச் சராசரியைப் போலவே மறைப்பதற்கு நிறைய வைத்திருக்கிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஒரு மரபணு வடிவம் ஒரு சமூகத்தில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் இருப்பது உயர்வு தாழ்வுக்கு அளவுகோலாகாது. மூன்று நூறு கோடி எழுத்துகளுக்கு மேற்பட்ட மரபுத் தொகுதியில் ஓர் எழுத்து, ஒரு சர்க்கரையின் செரிமானத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அதை வைத்து எவருடைய அறிவையும் ஆற்றலையும் பெருமையையும் அளக்க முனைவது அறிவியலுக்குப் புறம்பானதாகும்.

பால் முந்தியதா, மரபணு முந்தியதா?

பாலைப் பயன்படுத்திய மக்கள் அனைவரும் அதனைச் செரிக்கும் மரபணுவைப் பெற்றிருந்தனர் என்பதும் சரியன்று. குஜராத் மாநிலத்தின் கோட்டடா பட்லி என்னும் சிந்துவெளிக் கால ஊரில் கிடைத்த மட்கல ஓடுகளில் பால் பொருள்களின் கொழுப்புத் தடயங்கள் இருப்பது 2020இல் வெளியிடப்பட்டது. அவை கி.மு. 2500ஐ ஒட்டிய காலத்தவை. ஐரோப்பாவில், ஏறத்தாழ 7,000 கொழுப்புத் தடயங்களையும் பழங்கால எலும்புகளின் மரபணுக்களையும் இணைத்து ஆராய்ந்த பெரும் ஆய்வு 2022இல் வெளிவந்தது. பாலின் பயன்பாடு அங்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பரவியிருந்தும், டி வடிவம் பரவலாகத் தொடங்கியது கி.மு. 1000ஐ ஒட்டியே என்று அது காட்டியது. அதாவது பல ஆயிரம் ஆண்டுகள் மக்கள் செரிக்கும் மரபணு இல்லாமலே பால் பொருள்களை உண்டு வாழ்ந்துள்ளனர்.

பின் அந்த வடிவம் பரவியது ஏன்? அவ்வாய்வாளர்கள் கூறும் விளக்கம் பஞ்சங்களையும் தொற்று நோய்களையும் கண்ட நம்மவருக்கு எளிதில் விளங்கும். வளமான ஆண்டில் பால் செரியாமை ஒரு தொல்லை மட்டுமே. விளைச்சல் பொய்த்து, வேறு உணவின்றிக் கறந்த பாலையே நம்பியிருக்கும் காலத்தில், ஏற்கெனவே மெலிந்த உடலுக்கு வயிற்றுப்போக்கு உயிராபத்தாக முடியலாம். அத்தகைய நெருக்கடிகளில் டி வடிவம் உடையோர் சற்றே அதிகமாகத் தப்பியிருப்பர். தலைமுறை தலைமுறையாக அச்சிறு ஆதாயம் பெருகியிருக்கும். நல்ல காலத்தில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு பற்றாக்குறைக் காலத்தில் உயிரைத் தீர்மானிக்கிறது என்பது பொருளியலுக்கும் புதிய செய்தியன்று.

எவ்வளவு பால் ஏற்கும்?

லாக்டேஸ் குறைந்தவர்கள் எல்லோரும் பாலை அடியோடு விலக்க வேண்டும் என்று முடிவு கட்டுவது தவறு. செரியாமை வேறு, தொல்லை வேறு. பழைய மருத்துவப் பரிசோதனைகளில் 50 கிராம் லாக்டோஸை ஒரே வேளையில் அருந்தச் செய்தனர். இது ஏறத்தாழ ஒரு லிட்டர் பாலில் உள்ள அளவு. வெறும் வயிற்றில் ஒரு லிட்டர் பாலை ஒரே மூச்சில் குடிக்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. ஆதலின் அப்பரிசோதனையில் 'ஏற்கவில்லை' என்று வகைப்படுத்தப்பட்ட பலர், அன்றாட வாழ்வில் காப்பி, தேநீருடன் சேரும் பாலை எவ்விதத் தொல்லையுமின்றி அருந்தி வருகின்றனர்.

லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு ஏறத்தாழ 12 கிராம் லாக்டோஸை, அதாவது ஒரு பெரிய தம்ளர் பாலை, தொல்லையின்றியோ சிறு தொல்லையுடனோ ஏற்க முடியும் என்பது பின்னர் வந்த ஆய்வுகளின் முடிவு. உணவோடு சேர்த்து அருந்தும்போது பால் இரைப்பையிலிருந்து மெல்லச் செல்வதால் இன்னும் எளிதாகிறது. நாள்தோறும் சிறிது சிறிதாக அருந்தி வந்தால் பெருங்குடல் நுண்ணுயிர்களும் அதற்குப் பழகிக்கொள்கின்றன. ஆனால் சிலருக்கு இதற்குக் குறைந்த அளவே தொல்லை தருகிறது என்பதும் உண்மையே. அவர்களைப் பொய் சொல்வதாகக் கருதுவது நியாயமாகாது.

தயிர்க் கலயத்தின் பொருளாதாரம்

அறிவியல் லாக்டேஸைக் கண்டறிவதற்கு முன்பே நம் சமையலறைகள் இச்சிக்கலுக்கு வழி கண்டுவிட்டன. பாலை உறையிடும்போது நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைப் புளிக்கச் செய்து லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. எஞ்சிய லாக்டோஸைப் பிளப்பதற்கும் தயிரிலுள்ள உயிருள்ள நுண்ணுயிர்கள் தம் நொதியால் குடலுக்குள் உதவுகின்றன. பாலின் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் தயிரில் குறைவதில்லை. மோர், தயிரோடு நீர் சேர்ந்ததாகையால் லாக்டோஸ் இன்னும் செறிவு குறைந்தது. நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. பன்னீர் தயாரிக்கும்போது லாக்டோஸின் பெரும்பகுதி தெளிந்த நீரோடு வெளியேறிவிடுகிறது. தெற்கில் சாப்பாடு மோர்ச்சோற்றோடு முடிவதும், வடக்கில் பெரிய தம்ளரில் பால் பருகும் வழக்கம் மிகுந்திருப்பதும் முழுவதும் மரபணுவின் விளைவு என்று சொல்ல இயலாது. வெப்பத்தில் பால் விரைவில் கெடுவதும் ஒரு காரணமே. ஆனால் லாக்டேஸ் குறைந்த பெரும்பான்மையினர் பாலின் சத்தை இழக்காமல் இருக்கத் தயிரும் மோரும் துணை செய்தன என்பதில் ஐயமில்லை. மங்கோலிய மேய்ச்சல் மக்களும் லாக்டேஸ் நீடிப்பு மிகக் குறைவாக இருந்தும் புளித்த பால் பொருள்களை ஏராளமாக உண்டு வாழ்கின்றனர்.

இதற்கு மாறானவையும் உண்டு. கொழுப்பு நீக்கிய பால் தூளில் எடையில் பாதி லாக்டோஸே. பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவாவிலும் அது செறிந்துள்ளது. கொழுப்பு நீக்கிய பால் எளிதில் செரிக்கும் என்பது பலருடைய எண்ணம். லாக்டோஸைப் பொறுத்தவரை அது சரியன்று. தொழிற்சாலையில் லாக்டேஸ் சேர்த்து லாக்டோஸைப் பிளந்த பால் இப்போது நம் நாட்டுக் கடைகளிலும் கிடைக்கிறது. ஆனால் அதன் விலை சாதாரணப் பாலைவிட அதிகம். ஒரு கரண்டி உறைமோரால் வீட்டிலேயே பெரிதும் நிறைவேறும் பயனுக்கு ஏழைக் குடும்பம் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

திட்டமிடுவோர் கருத வேண்டியவை

பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் வழங்கும் திட்டங்களைப் பல மாநிலங்கள் மேற்கொண்டுள்ளன. கர்நாடகத்தில் 2013இலும் ராஜஸ்தானில் 2018இலும் இத்தகைய திட்டங்கள் தொடங்கப்பட்டன. இவற்றின் நோக்கம் போற்றத்தக்கது. வளரும் பிள்ளைகளுக்குப் பால் சிறந்த உணவு என்பதில் கருத்து வேறுபாடில்லை. 150 மில்லி லிட்டர் பாலில் ஏழு கிராம் அளவு லாக்டோஸே உள்ளது. பெரும்பாலான பிள்ளைகள், லாக்டேஸ் குறையத் தொடங்கியவர்கள் உட்பட, இதனை எளிதில் ஏற்பர். ஆகவே செரியாமையைக் காரணம் காட்டி இத்திட்டங்களைக் கைவிடுவதற்கு அறிவியலில் இடமில்லை.

ஆனால் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருக்க, அவர்களுள் ஒரு மாணவிக்குக் காலையில் பாலருந்தியதும் வயிறு இசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவள் வலியைச் சொல்லக் கூசுகிறாள்; பள்ளியின் கழிப்பறையில் நீர் இல்லை; ஆசிரியர் அவளைக் கவனக்குறைவானவள் என்று எண்ணுகிறார்; சில நாளில் அவள் பள்ளிக்கு வருவதையே தவிர்க்கிறாள். பதிவேட்டில் பால் வழங்கப்பட்ட அளவு நூறு விழுக்காடாகவே இருக்கும். செலவினக் கணக்கு சரியாக இருக்க, பயன் மட்டும் ஒருத்தியைச் சென்றடையவில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியை மனத்தில் வைத்துக் கீழ்க்கண்டவற்றைக் கருதலாம்.

முதலாவது, வாய்ப்புள்ள இடங்களில் பாலுக்கு மாற்றாகத் தயிரோ மோரோ பெறும் உரிமை இருக்க வேண்டும். வெறும் வயிற்றில் அன்றி உணவோடு சேர்த்துப் பால் வழங்குவதும், தொடக்கத்தில் குறைந்த அளவிலிருந்து உயர்த்துவதும் செலவில்லாத சீர்திருத்தங்கள்.

இரண்டாவது, சுண்ணாம்புச் சத்துக்குப் பால் ஒன்றே வழி என்னும் எண்ணம் தளர வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அதே எடையுள்ள பசும்பாலில் அது ஏறத்தாழ 120 மில்லிகிராம். பாலிலுள்ளதை உடல் எளிதில் ஏற்கிறது என்பதையும் மறக்கலாகாது. எள், முருங்கைக் கீரை, எலும்போடு உண்ணும் சிறு மீன் ஆகியவையும் இதற்குத் துணை நிற்பன.

மூன்றாவது, ஊழியர் பயிற்சியில் இப்பொருள் ஒரு பாடமாக இடம்பெற வேண்டும். குறிப்பாக ஒரு தவறு நேராமல் காக்க வேண்டும். பரம்பரையாக வரும் லாக்டேஸ் குறைவு கைக்குழந்தைகளைத் தாக்குவதன்று. பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத நிலை மிக மிக அரிது. ஆகவே 'பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்று கூறித் தாய்ப்பாலை நிறுத்துவது பெருந்தீங்கு. கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளுக்கான சிகிச்சை உணவிலும் பாலுக்கு முக்கிய இடமுண்டு. அங்கு மாற்றம் தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, எல்லோருக்கும் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டியதில்லை. எவரிடம் லாக்டேஸ் நீடிக்கும் என்பதை அது கூறுமேயன்றி, எவருக்கு எவ்வளவு பாலில் தொல்லை தோன்றும் என்பதைக் கூறாது. அதற்கு அவரவர் அனுபவமே சிறந்த அளவுகோல். தொல்லை தொடர்ந்தால், அல்லது எடைக் குறைவோ இரத்தப்போக்கோ காணப்பட்டால், பாலைக் குறை கூறி வாளாவிருக்காமல் மருத்துவரை நாட வேண்டும். குடல் நோய்கள் பலவும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும்.

கூட்டுறவுச் சங்கங்களின் கறவைக்காரர்கள், பெரும்பாலும் சிறு விவசாயிகளும் பெண்களும், நாட்டுக்குப் பாலைப் பெருக்கித் தந்துள்ளனர். அந்தப் பால் ஒவ்வோர் உடலுக்கும் ஏற்ற வடிவில் சென்று சேர்வதை உறுதி செய்வது திட்டத்தின் மீதிப் பணி. அதற்குப் புதிய பெருந்தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டுவதில்லை. தலைக்கு 471 கிராம் என்னும் சராசரியின் பின்னால் வெவ்வேறு தலைகளும் வெவ்வேறு குடல்களும் உள்ளன என்பதை நினைவில் கொள்வதும், வழங்கிய அளவோடு ஏற்கப்பட்ட அளவையும் கேட்டறிவதுமே போதும். வகுப்பின் கடைசி வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு ஒரு குவளை மோரை நீட்டும்போது அத்திட்டம் நிறைவு பெறுகிறது.